ஹீட்டர் போட்டால் லைட் மங்குகிறது: வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்துப் பிடித்த ஒரு ஜாயின்ட்

கோவில்பட்டிப் பக்கம் அம்மா இருக்கிற வீடு எழுபதுகளின் கடைசியில் கட்டியது. பின்கட்டுக் குளியலறை மட்டும் இருபது வருடம் கழித்துச் சேர்த்தது. அங்கேதான் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீர் வைப்பார்கள். போன கார்த்திகையிலிருந்து போனில் ஒரே புகார்: "ஏய்யா, ராடு போட்டா நடை லைட்டு மஞ்சளாப் போகுது, தண்ணியும் சீக்கிரம் சுட மாட்டேங்குது." உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ராடு போயிருக்கும் என்று புது ராடு மாட்டிக் கொடுத்தார். மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது தடவை வந்தவர், ஈபியிலிருந்தே வோல்டேஜ் கம்மியாக வருகிறது, ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்றார். நல்லவேளை, அம்மா வாங்கவில்லை. ஏன் நல்லவேளை என்பது கீழே வரும்.

பொங்கலுக்குப் போகும்போது மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், நான்கு முதலைக் கிளிப், அளவு டேப் எல்லாம் எடுத்துப் போனேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கணக்குதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இந்த இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வயரிங்கில் எது கெட்டிருக்கிறது, எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட முடியும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கிறோமோ அந்தப் பொருளின் இரண்டு முனைக்கும் நடுவே இருக்கிற வோல்ட்டை எடுக்க வேண்டும். கணக்கில் தப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் வேலை, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் வைத்துப் பார்ப்பது. மெயின் போர்டில் ராடு போடாதபோது 228 வோல்ட். ராடு போட்டதும் 225. குளியலறை பிளக்கில் ராடு போடாதபோது அதே 228, போட்டதும் 207. ஈபி பக்கம் இறங்குவது 3 வோல்ட்தான், வீட்டுக்குள்ளே 22 மீட்டர் தூரத்தில் இறங்குவது 18 வோல்ட். வோல்டேஜ் கம்மி என்பது உண்மை, ஆனால் அது கம்மியாவது நம் சுவருக்குள். லோடு இல்லாமல் அளந்தால் இரண்டு இடத்திலும் 228 என்றுதான் காட்டும், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் தெரியும்.

கரண்ட்டை அளக்க கிளாம்ப் மீட்டர். புதிதாக வாங்குகிறவர்கள் ஒயரை முழுசாக, பேஸும் நியூட்ரலும் சேர்த்து, கவ்வ வைத்துவிட்டு மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்பார்கள். போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், அதனால்தான். ஒற்றை ஒயரைத்தான் கவ்வ வேண்டும். அதற்காகவே ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் செய்து வைத்திருக்கிறேன், வெளி உறையில்லாமல் மூன்று ஒயரும் தனித்தனியாக இருக்கும், பேஸ் ஒயரை மட்டும் ஐந்து சுற்றுச் சுற்றி டேப் போட்டிருக்கிறேன். அந்தச் சுற்றுக்குள் கிளாம்பை மாட்டினால் கரண்ட் ஐந்து மடங்காகக் காட்டும். என் மீட்டருக்கு ஒரு தசம இடம்தான், நேராக அளந்தால் 5.9 என்று நிற்கும், அது 5.85-ஆகவும் இருக்கலாம் 5.95-ஆகவும் இருக்கலாம். ஐந்து சுற்றில் 29.4 காட்டியது, ஐந்தால் வகுத்தால் 5.88. இந்த மாதிரி வேலையில் அந்த இரண்டாவது தசமம் ரொம்ப உதவும்.

இப்போது ராடைப் பார்ப்போம். அதன் இரண்டு முனையில் 207 வோல்ட், அதன் வழியாக 5.88 ஆம்பியர். 207 ÷ 5.88 = 35.2 ஓம். ராடின் மேல் 1500 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 35.27 ஓம். புது ராடு அச்சு அசலாக இருக்கிறது. பழைய ராடை அம்மா தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருந்தார்கள், அதையும் எடுத்து மாட்டிப் பார்த்தேன், 35.4 ஓம். அதுவும் நல்ல ராடுதான், அநியாயமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ராடுக்குப் போகிற பவர் 207 × 5.88 = 1217 வாட்தான். 1500-க்குப் பணம் கொடுத்து வாங்கியது 1217-ல் ஓடுகிறது. 20 லிட்டர் வாளி, 27 டிகிரியிலிருந்து 45 வரை சூடாக்க ஏறத்தாழ 15 லட்சம் ஜூல் வேண்டும், 1217 வாட்டில் அது இருபதரை நிமிடத்துக்குச் சற்று மேல். போன் கடிகாரத்தில் நான் பார்த்தது 22 நிமிடம், வாளியின் மேலேயும் பக்கத்திலும் போகிற சூட்டுக்கு அந்த ஒன்றரை நிமிடம் சரியாக வரும். அம்மா சொன்னதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை.

அப்புறம் ஒயர். அதன் கணக்கில் 207-ஐயும் போடக்கூடாது, 225-ஐயும் போடக்கூடாது. ஒயரில் விழுந்த 18-ஐத்தான் போட வேண்டும். 18 ÷ 5.88 = 3.06 ஓம். அதில் எரிகிற பவர் 18 × 5.88 = 106 வாட். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: மெயின் போர்டிலிருந்து கிளம்புவது 225 × 5.88 = 1323 வாட், ராடில் 1217, ஒயரில் 106, கூட்டினால் 1323. கணக்கு மூடிவிட்டது. இப்படி மூடாவிட்டால் எங்கேயோ மீட்டரைத் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு திரும்ப அளப்பேன்.

3.06 ஓம் என்பது அதிகமா, சாதாரணமா? அதற்கு அந்த ஒயர் எவ்வளவு காட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். டேப் வைத்து அளந்தேன். மெயின் போர்டிலிருந்து அடுப்படி வாசலுக்கு மேலே இருக்கிற ஜங்ஷன் பாக்ஸ் வரை 10 மீட்டர், பழைய அலுமினிய ஒயர், 1.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, அதாவது இரண்டரை ஸ்கொயர் எம்எம். அங்கிருந்து குளியலறை வரை 12 மீட்டர், பின்னால் சேர்த்த ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செப்பு ஒயர். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டையும் இரட்டிப்பாக்க வேண்டும், இதை மறப்பவர்கள் நிறைய. ஒரு ஸ்கொயர் எம்எம் குறுக்குவெட்டுள்ள ஒரு மீட்டர் செப்புக்கு 0.0172 ஓம், அலுமினியத்துக்கு 0.0282 ஓம் என்பது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள். அலுமினியம் 20 மீட்டருக்கு 0.0282 × 20 ÷ 2.5 = 0.23 ஓம், செப்பு 24 மீட்டருக்கு 0.0172 × 24 ÷ 1.5 = 0.28 ஓம். மொத்தம் அரை ஓம். நான் அளந்தது மூன்று ஓம். இரண்டரை ஓம் கூடுதலாக எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, ஒயர் முழுக்கப் பரவியிருக்க வாய்ப்பில்லை, ஏதோ ஒரு புள்ளியில்தான்.

பேஸிலா நியூட்ரலிலா என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்குவழி உண்டு. மூன்று முள் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். எர்த் ஒயரில் கரண்ட் ஓடவில்லை, அதனால் அதில் வோல்ட் எதுவும் விழாது, மண்ணின் பூஜ்ய வோல்ட்டை அப்படியே பிளக் வரை கொண்டுவந்து காட்டும். ராடு போடாதபோது 0.3 வோல்ட். போட்டதும் 17. ஒயர் மட்டும் காரணமென்றால் நியூட்ரல் பாதிக்கு ஒன்றரை வோல்ட், ஈபி பக்கம் ஒன்றரை, ஆக மூன்றோடு நிற்க வேண்டும். 17 என்றால் நியூட்ரலில்தான் கோளாறு. நடை பல்பும் அதே நியூட்ரலில்தான் தொங்குகிறது, அதனால்தான் அது மஞ்சளாகிறது. அம்மா அந்தக் குண்டு பல்பை இன்னும் மாற்றாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எல்இடி மாட்டியிருந்தால் 207-லும் அதே வெளிச்சம்தான் கொடுத்திருக்கும், யாரும் எதையும் கவனித்திருக்க மாட்டோம்.

ஜங்ஷன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் மெயினை அணைத்தேன், ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், யாராவது தெரியாமல் மெயினைப் போட்டுவிடக் கூடாதே. மூடியைக் கழற்றியதும் அந்த வாசனை வந்தது, கருகிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்தது. உள்ளே நான்கு ஜாயின்ட். எல்லாமே கையால் முறுக்கி டேப் சுற்றியவை. மூன்றில் டேப் கறுப்பாக, மெத்தென்று இருக்கிறது. ஒன்றில் டேப் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி உடைகிறது. உள்ளே அலுமினியக் கம்பியைச் சுற்றி செப்பு இழைகள், அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி படிந்து, செப்பு கறுத்து, கம்பியின் இன்சுலேஷன் இரண்டு விரற்கடை தூரத்துக்குச் சுருங்கி விறைத்துப் போயிருந்தது. அலுமினியத்தையும் செப்பையும் நேராக முறுக்கினால் இதுதான் நடக்கும். காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் கரண்ட் கடத்தாத ஆக்சைடு படலம் உட்காரும், ஈரம் பட்டால் செப்போடு ஒட்டியிருக்கிற அலுமினியம் அரித்துப் போகும், சூடாகி ஆறி சூடாகி ஆறி அலுமினியம் நசுங்கி முறுக்குத் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு, இன்னும் சூடானால் இன்னும் தளர்வு.

பார்த்தாலே தெரிகிறது, இருந்தாலும் எண்ணாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முதலில் மெயின் அணைந்திருக்கும்போதே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்த்தேன். 1.1 காட்டியது. ஒயரைக் கொஞ்சம் நகர்த்தினால் 0.6. திரும்ப நகர்த்தினால் 1.4. அதில் மீட்டரின் ஒயருக்கே 0.3 போய்விடும். ஓம் நிலையில் மீட்டர் அனுப்புவது மிகச் சின்னக் கரண்ட், ஜாயின்டும் ஆறிப்போய் இருக்கிறது, ஆறு ஆம்பியர் ஓடும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்று இந்த அளவு சொல்லாது. அதனால் இருபக்கமும் முதலைக் கிளிப்பை மாட்டி, மீட்டரை 600 வோல்ட் ஏசி நிலைக்கு மாற்றி, மீட்டரை ஏணியை விட்டுத் தள்ளி ஸ்டூல் மேல் வைத்தேன். மில்லிவோல்ட் நிலையில் வைக்கக் கூடாது, ஏனென்றால் அந்த ஜாயின்ட் முழுசாக விட்டுவிட்டால் 228 வோல்ட்டும் அப்படியே மீட்டர் மேல் வந்து நிற்கும். கீழே இறங்கி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஃபியூஸ் கட்டையை மாட்டி மெயினைப் போட்டேன். ராடு ஓடியது. 14.1 வோல்ட். உடனே அணைத்துவிட்டேன். லைன் இருக்கும்போது பாக்ஸுக்குள் கை வைக்கவே இல்லை, இதை நீங்களும் செய்வதாக இருந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள், பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதே மாதிரி பேஸ் ஜாயின்டில் மாட்டிப் பார்த்தேன், 0.6.

14.1 ÷ 5.88 = 2.4 ஓம். 14.1 × 5.88 = 83 வாட்.

பக்கத்து வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறவன், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நோட்டில் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு அவனே ஒரு கணக்குப் போட்டான். "மாமா, பவர்னா வோல்ட் இன்ட்டு வோல்ட், கீழ ரெசிஸ்டன்ஸ். 225 இன்ட்டு 225, கீழ 2.4. இருபத்தோராயிரம் வாட் வருதே, வீடே எரிஞ்சிருக்கணுமே?" எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் வாய்பாடு சரி, பெருக்கல் சரி, வோல்ட் மட்டும் வேறொருவருடையது. 225 என்பது போர்டில் இருக்கிற வோல்ட், ஜாயின்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அது இல்லை. "ஜாயின்டுக்குக் கிடைச்சது 14.1 தாம்ப்பா, அதைப் போட்டுப் பாரு" என்றேன். 14.1 × 14.1 ÷ 2.4, போட்டுவிட்டு அவனே "83" என்று சத்தமாகச் சொன்னான். கரண்ட்டை இரண்டு தடவை பெருக்கி ஓமால் பெருக்கினாலும் அதேதான்: 5.88 × 5.88 × 2.4 = 83. மூன்று வழியில் எது வேண்டுமானாலும் போகலாம், மூன்றும் ஒரே பொருளின் எண்களாக இருக்க வேண்டும். கூடவே ஒரு கணக்குச் சரிபார்ப்பும் அவனையே போடச் சொன்னேன்: ஒயருக்கு 0.5 × 5.88 = 2.9 வோல்ட், நியூட்ரல் ஜாயின்ட் 14.1, பேஸ் ஜாயின்ட் 0.6, மொத்தம் 17.6. மிச்சம் 0.4 சுவிட்சிலும் பிளக் முள்ளிலும். பதினெட்டும் கணக்குக்கு வந்துவிட்டது.

83 வாட் என்றால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் எண். என்னிடம் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அது ஈயத்தை உருக்கும், விரலில் பட்டால் கொப்புளம். அந்த மாதிரி மூன்று அயர்னைக் கட்டுக் கட்டி, கட்டை விரல் நுனி அளவு இடத்தில், மரச்சட்டத்துக்கு நாலு அங்குலம் பக்கத்தில், டேப் சுற்றி மூடி வைத்துத் தினமும் அரை மணி நேரம் போட்டிருக்கிறார்கள். சாதாரண பிவிசி ஒயரின் இன்சுலேஷன் 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்குவதற்குச் செய்ததில்லை. கரண்ட் பில்லில் இது தெரியவே தெரியாது, ஒரு நாளைக்கு 0.04 யூனிட்தான்.

எம்சிபி ஏன் விழவில்லை என்று அம்மா கேட்டார்கள். சரியான கேள்வி. எம்சிபியும் ஃபியூஸும் கரண்ட் அதிகமானால்தான் விழும். இங்கே கரண்ட் அதிகமாகவில்லை, கூடுதல் ஓம் வழியில் நிற்பதால் 6.3-க்குப் பதிலாக 5.88 என்று குறைந்துதான் போயிருக்கிறது. இஎல்சிபி எர்த்துக்கு ஒழுகும் கரண்ட்டைப் பார்க்கும், இங்கே ஒழுக்கும் இல்லை. எந்தக் காவலாளியின் கண்ணிலும் படாத கோளாறு இது. லோடு போட்டு வோல்ட்டை அளந்தால் ஒழிய வெளியே தெரிவதற்கு வேறு வழி, வாசனைதான்.

ஸ்டெபிலைசருக்கு வருகிறேன். குளியலறையில் ஸ்டெபிலைசர் வைத்து ராடுக்கு 230 வோல்ட் கொடுத்திருந்தால் ராடு முழு 1500 வாட்டை இழுக்கும். அதை அதே ஒயர் வழியாகத்தான் இழுக்க வேண்டும், கணக்குப் போட்டால் கரண்ட் 7.4 ஆம்பியருக்கு ஏறும். அப்போது அந்த ஜாயின்டில் 7.4 × 7.4 × 2.4, அதாவது 130 வாட்டைத் தாண்டும். லைட் மங்குவது அப்படியே இருந்திருக்கும், வெந்நீர் மட்டும் சீக்கிரம் கிடைத்திருக்கும், எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்போம். இதை எழுதும்போதுகூட வயிற்றைக் கலக்குகிறது.

அளக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: ஈபி வோல்டேஜ் நிலையாக நிற்காது. அன்று காலையிலேயே 228-லிருந்து 221 வரை போய் வந்தது. வோல்ட்டை ஒரு நேரத்திலும் கரண்ட்டைக் கால்மணி கழித்தும் எடுத்தால் ஓம் தப்பாக வரும். இரண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில் மாட்டி, இரண்டும் தெரிகிற மாதிரி போனில் போட்டோ எடுத்துவிடுவேன். இந்த வோல்ட்-ஆம்பியர் விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஓமுக்கே இந்தத் தொல்லை இருந்தது. அவர் காலத்து பேட்டரியின் வோல்ட் கரண்ட் ஓடும்போதே இறங்கிக்கொண்டு போனதால் 1825-ல் அவர் வெளியிட்ட முதல் விதி தப்பாகிவிட்டது. அப்புறம் பிஸ்மத்தையும் செப்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து அசையாத வோல்ட் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு திரும்ப அளந்தார். 1827-ல் அவருடைய நூல் வந்தது, நாம் படிக்கிற விதி அதிலிருந்து வருவது. அசையாத வோல்ட் நமக்குக் கிடையாது, ஆனால் ஒரே நொடியில் இரண்டையும் படிக்க முடிகிறது.

இந்தக் கணக்கை ராடு, இஸ்திரிப் பெட்டி, கீசர் மாதிரி சும்மா சூடாகிற பொருளுக்குத்தான் அப்படியே போடலாம். குண்டு பல்பை மீட்டரில் ஓம் பார்த்தால் 38 காட்டியது, எரியும்போது 226 வோல்ட்டுக்கு 0.43 ஆம்பியர், அதாவது 526 ஓம். பல்பு கெடவில்லை, டங்ஸ்டன் இழை வெள்ளைச் சூட்டில் அவ்வளவு மாறும். ராடின் நிக்ரோம் கம்பி அந்த மாதிரி மாறாது. மோட்டார், ஃபேன், ஃப்ரிட்ஜுக்கு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது கம்பியின் ஓம் இல்லை, பெருக்கினால் வருவதும் முழு வாட் இல்லை, பவர் ஃபேக்டர் என்று ஒன்று குறுக்கே வரும். அதற்கு வாட் மீட்டர் வேண்டும். ஆனால் மோட்டாருக்குப் போகிற ஒயரிலும் ஜாயின்டிலும் விழுகிற வோல்ட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

ஜாயின்டை வெட்டிச் சீர்செய்யலாமா என்று யோசித்தேன். இரண்டு உலோகத்துக்கும் சேர்த்துச் செய்த கனெக்டர்கள் இருக்கின்றன. ஆனால் நாற்பது வருட அலுமினியக் கம்பியை வளைத்தாலே சில இடங்களில் முறிகிறது, அதை நம்பி இன்னொரு ஜாயின்ட் போட மனசு வரவில்லை. மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்து மெயின் போர்டிலிருந்து குளியலறை பிளக் வரை இரண்டரை ஸ்கொயர் எம்எம் செப்பு ஒயர், நடுவில் ஜாயின்டே இல்லாமல், புதிதாக இழுத்தோம். பழைய பைப்பில் ஒயர் போகவில்லை, சுவர் மேலேயே கேசிங் பட்டை அடித்துக் கொண்டுபோனார். பார்க்க அழகாக இல்லை என்று அம்மாவுக்கு ஒரு குறை.

வேலை முடிந்ததும் திரும்ப அளந்தோம், பையனே மீட்டரைப் படித்தான். போர்டில் 225, பிளக்கில் 222.8. கிளாம்பில் 31.7, ஐந்தால் வகுத்தால் 6.34. ராடு 222.8 ÷ 6.34 = 35.1 ஓம், 1413 வாட். ஒயர் 2.2 ÷ 6.34 = 0.35 ஓம். 44 மீட்டர் இரண்டரை செப்புக்குக் கணக்குப்படி வர வேண்டியது 0.30, மிச்சம் 0.05 திருகுகளிலும் பிளக்கிலும். ஒயரில் போவது 14 வாட், அதுவும் 22 மீட்டர் நீளத்துக்குப் பரவி, கை வைத்தால் சூடே தெரியாது. வாளி 19 நிமிடத்தில் சூடானது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டரை வோல்ட்.

பழைய ஜங்ஷன் பாக்ஸில் மிச்சம் இருக்கிற மூன்று ஜாயின்டில் இரண்டு இன்னும் அடுப்படி மிக்ஸிக்கும் லைட்டுக்கும் போகின்றன. அவற்றில் பெரிய லோடு இல்லை, மிக்ஸி ஓடும்போது நியூட்ரல் ஜாயின்டில் 0.2 வோல்ட்தான் விழுகிறது. இருந்தாலும் அங்கே இன்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், சித்திரையில் போகும்போது அதையும் மாற்ற வேண்டும். குளியலறை பிளக் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து யார் திறந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று: "2.5 செப்பு, 22 மீட்டர், ஜாயின்ட் இல்லை. 6.34 ஆம்பியரில் 2.2 வோல்ட்."